திருப்பூரிலிருந்து ஜெர்மனிக்குக் கப்பலில் பனியன் அனுப்ப என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

முதலில் ஐ.இ.சி. எண் (ஏற்றுமதி, இறக்குமதி செய்பவருக்கான அடையாள எண்) வாங்குங்கள். பிறகு இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட்; இரண்டிலும் பெட்டி எண்ணிக்கையும் எடையும் ஒத்துப்போக வேண்டும். இவற்றை வைத்து கஸ்டம்ஸ் புரோக்கர் சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் ஷிப்பிங் பில், அதாவது ஏற்றுமதி அனுமதிக்கான விண்ணப்பம், போடுவார். சுங்கத்துறை அனுமதித்த பின்பே தூத்துக்குடியில் சரக்கு கப்பலேறும்.

நீங்கள் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டியது, கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங். சரக்கை ஏற்றியதற்கான ரசீதும் அதை எடுப்பதற்கான உரிமைப் பத்திரமும் இதுதான். வழக்கமாக 3 அசல்கள் தருவார்கள். அதில் ஒன்றை ஒப்படைத்தாலே சரக்கை எடுத்துவிடலாம். அதனால் பணம் வராமல் ஒன்றைக்கூட வாங்குபவருக்கு நேரடியாக அனுப்பாதீர்கள், வங்கி வழியாகவே போகட்டும். விமானத்தில் அனுப்பினால் இந்தப் பிடி கிடையாது. ஏர்வே பில்லில் (விமானச் சரக்கு ரசீதில்) பெறுநர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவரிடமே சரக்கைக் கொடுத்துவிடுவார்கள். புது ஆள் என்றால் முன்பணம் கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.