பைசா கோபுரத்தை நிமிர்த்தாமலே எப்படிக் காப்பாற்றினார்கள்?

சிவில் இன்ஜினியரிங் புராஜெக்டுக்கு பைசா கோபுரத்தின் பழுதுபார்ப்பை எடுத்திருப்பதாகவும், எங்கே தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நல்ல தேர்வு. ஆனால் கட்டடத்தை விட்டுவிட்டு மண்ணிலிருந்து தொடங்குங்கள். நோய் அங்கேதான் இருக்கிறது.

சுமார் 14,500 டன் எடையுள்ள கோபுரம் மென்மையான களிமண்மேல் நிற்கிறது. சாய்வு கூடக்கூட தென்புறத்தில் அழுத்தம் ஏறும். அது சாய்வை இன்னும் கூட்டும். 1990-இல் கோபுரத்தை மூடினார்கள். தென்புறச் சுவர் நசுங்கிவிடலாம் என்ற பயத்தில், 1992-இல் முதல் தளத்தைச் சுற்றி எஃகு வடங்களை இறுக்கிக் கட்டினார்கள். அடுத்த ஆண்டு வடபக்கம் சுமார் 600 டன் ஈயக் கட்டிகளை அடுக்கினார்கள். பார்க்க அசிங்கம்தான், ஆனால் வேலை செய்தது.

1995-இல் நடந்ததைக் கட்டாயம் படியுங்கள். ஈயத்துக்குப் பதிலாகத் தரைக்கடியில் நங்கூரங்கள் (வடபக்கத்தைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் எஃகு வடங்கள்) பொருத்தலாம் என்று, திரவ நைட்ரஜனால் மண்ணை உறையவைத்துத் தோண்டினார்கள். கோபுரம் தெற்கே நகரத் தொடங்கிவிட்டது! அவசரமாக இன்னும் ஈயத்தை ஏற்றித்தான் நிறுத்த முடிந்தது.

சரி, கடைசியில் எது கைகொடுத்தது? வடபுற அஸ்திவாரத்துக்குக் கீழே சாய்வான குழாய்கள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்தார்கள். மொத்தமே சுமார் 38 கன மீட்டர். அந்தப் பக்கம் மெல்ல இறங்க, கோபுரத்தின் சாய்வு அரை டிகிரி குறைந்தது. 2001 டிசம்பரில் மீண்டும் திறந்தார்கள். புராஜெக்டில், ஒவ்வொரு கட்டத்திலும் எதை அளந்து அடுத்த முடிவை எடுத்தார்கள் என்பதற்குத் தனி அத்தியாயமே ஒதுக்கலாம்.