தாகத்துக்கு இரண்டு வடிவங்கள்

கேள்வி: யோவான் நற்செய்தியைக் கிரேக்கத்தில் வாசிக்கப் பழகுகிறேன். ஏழாம் அதிகாரத்தில் 'தாகமாயிருந்தால்' என்ற இடத்தில் 'திப்ஸா' என்றிருக்கிறது. என்னிடமுள்ள இலக்கண நூலோ 'திப்ஸே' என்கிறது. எது சரி? பழைய அகராதிக்காரர் இதை எப்படி விளக்கினர்?
— வாசகர், மடு

பதில்: இரண்டும் சரியே. 'திப்ஸே' ஏதென்ஸ் மக்களின் அத்திக்க வழக்கு. 'திப்ஸா', அலெக்சாந்தருக்குப் பின் பரவிய பொதுக் கிரேக்கமாகிய கொய்னேயின் வழக்கு.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில், பல நூற்றாண்டுகளுக்கு முந்திய ஏதென்ஸ் நடையிலேயே எழுத வேண்டுமென்று கற்றோர் முனைந்த காலத்தில், பிரினிக்கஸ் என்ற அகராதிக்காரர் பசித்தலுக்கும் தாகித்தலுக்கும் 'பெய்னேன், திப்ஸேன் என்று சொல், ஆ ஒலியால் சொல்லாதே' என்று கட்டளையிட்டார். (இந்த '-ஏன்' நம் காதுக்குத் தன்மை ஒருமையாகக் கேட்டாலும், அங்கே 'பசிக்க', 'தாகிக்க' என்பது போன்ற எச்ச விகுதி.) மொய்ரிஸ் என்பவரோ அத்திக்கர் இப்படிச் சொல்வர், ஏனைய கிரேக்கர் இப்படிச் சொல்வர் என்று இரண்டையும் அருகருகே வைத்தார். எனக்கு மொய்ரிஸின் முறையே நேர்மையானதாகப் படுகிறது. வன்னியில் 'நான் நேற்று வந்தனான்' என்று பேசும் பிள்ளை அதையே கட்டுரையில் எழுதினால், 'வந்தேன்' என்று திருத்தத்தான் வேண்டும். ஆனால் ஓரத்தில் 'பிழை' என்று எழுதுவதற்கும் 'பேச்சு வழக்கு' என்று எழுதுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

இந்தப் பதிவுகள் வழக்கு யாருடையது என்று காட்டினவேயன்றி, மாற்றத்தின் காரணத்தைக் காட்டவில்லை. காரணம் ஒப்புமையாக்கம்: 'திமான்' (மதிக்க) போல ஆகாரம் ஏற்கும் வினைகள் ஏராளம், ஏகாரம் ஏற்பவை மிகச் சில, ஆகவே அச்சிலவும் பெரும்பான்மையின் வாய்பாட்டுக்குள் இழுபட்டன. ஆனால் நாளாந்தம் வாயில் புழங்கிய 'ஸேன்' (வாழ) அசையவில்லை. பவுல் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்திலும் அது ஏகாரத்தோடேயே நிற்கிறது.

பொதுக் கிரேக்க வடிவமெல்லாம் பிற்காலச் சிதைவு என்றும் எண்ண வேண்டாம். 'நீ அறிவாய்' என்பதற்கு அத்திக்கம் 'ஒய்ஸ்தா', கொய்னே 'ஒய்தாஸ்'. அந்த 'ஒய்தாஸ்', ஏதென்ஸின் உரைநடைக்கு வெகுகாலம் முந்திய ஹோமரின் ஒடிசியில், முதற் காண்டம் 337ஆம் அடியில், பெனலோப்பி பாடகனைப் பார்த்துப் பேசும் இடத்திலேயே வந்துவிடுகிறது.