எஞ்சினுக்குச் சதமும் கொடுக்காதீர்கள்

மல்லாவியிலிருந்து ஓர் ஆசிரியர் எழுதியிருக்கிறார். ஒட்டுசுட்டானில் ஒருவர் பழைய பிரித்தானியக் காரான நான்கு கதவு மொறிஸ் மைனர் 1000 ஒன்றை விற்கிறார். மூல எஞ்சின் அதில் இல்லை. நிசானின் ஏ14 எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் பொருத்தியிருக்கிறது. சாவியைத் திருப்பினால் உடனே பிடிக்கிறது, முற்றத்துக்குள் முன்னும் பின்னும் ஓடுகிறது. பிறேக் இல்லை, வயர்கள் தொங்குகின்றன, இருக்கைகள் கொட்டிலுக்குள் கிடக்கின்றன. வாகனப் பதிவுப் புத்தகம், லண்டனில் வாழும் உறவினரின் பெயரில் இருக்கிறது. "கடினமான வேலை எல்லாம் முடிந்துவிட்டது, மிச்சம் சில்லறை வேலைதான் என்கிறார். எஞ்சினுக்கே பெருந்தொகை போனதாம். வாங்கி முடித்துப் பாடசாலைக்குப் போய்வரலாமா?" என்பது கேள்வி.

பாடசாலைக்குப் போய்வர உங்களிடம் வேறு வாகனம் இல்லையென்றால் வாங்க வேண்டாம். திங்கட்கிழமை காலையில் ஓடியே ஆகவேண்டிய வண்டியும், ஞாயிற்றுக்கிழமைகளில் கழற்றிப் பூட்டும் வண்டியும் ஒன்றாக இருக்க முடியாது. மோட்டார் சைக்கிள் ஒன்று கையில் இருக்கிறது, இது ஆசைக்கு என்றால் தொடர்ந்து பேசலாம். ஆனால் விலை பேசும்போது அந்த எஞ்சினுக்கு ஒரு சதமும் கணக்கில் வைக்காதீர்கள். அந்த வண்டியில் மிக எளிதாக மாற்றக்கூடிய பொருள் எஞ்சின்தான். இது பழுதானால் இன்னொன்று கொழும்பில் பழைய வாகனச் சாமான்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். நீங்கள் உண்மையில் வாங்கப்போவது வேறு இரண்டு: இன்னொருவர் வெட்டி ஒட்டிய இரும்பு, இன்னொருவர் பெயரிலுள்ள கடதாசி.

எஞ்சின் மாற்றியதை நான் குறையாகச் சொல்லவில்லை. வன்னியில் மூல எஞ்சினோடு தப்பிய பழைய கார்கள் அரிது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோலை மருந்துபோல அளந்து வாங்கினோம். சிறு போத்தல் பெற்றோலில் பிடிக்கவைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். பழைய பிரித்தானிய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் அவை அதையும் ஒருவாறு பொறுத்துக்கொண்டன. ஆனால் முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராகும். பெயாரிங்கும் பிஸ்டன் வளையமும் போகும். அப்படித் தேய்ந்துபோன எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு யப்பானிய எஞ்சின் வைத்தவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஏ14 நல்ல தெரிவும்கூட. 1397 சிசி, அறுபது குதிரைவலுவுக்கு மேல். நிசானின் டட்சன் சன்னி கார் ஓடிய நாட்டில் அதைத் தெரியாத மெக்கானிக் இல்லை.

சிக்கல் அந்த எஞ்சினுக்கு இடம் எப்படிச் செய்தார்கள் என்பதில் இருக்கிறது. ஒஸ்ரின் ஏ40 சமர்செற் போன்ற காருக்கு உடல் வேறு, சேசிஸ் எனப்படும் அடிச்சட்டம் வேறு. மைனருக்கு அப்படி இல்லை. தரைத்தகடும் பெட்டிபோல மடித்த குறுக்குச் சட்டங்களும் சேர்ந்துதான் அதன் எலும்புக்கூடு. முன் சில்லுகளைத் தாங்குவது சுருள் வில் அல்ல, டோர்சன் பார் எனப்படும் நீண்ட உருக்குத் தண்டுகள். அவற்றின் பின்முனைகள் முன்னிருக்கைகளின் கீழே போகும் குறுக்குச் சட்டத்தின் இரு அந்தங்களில் பூட்டப்பட்டிருக்கும். கறள் முதலில் தின்னும் இடமும் அதுதான். ஐந்து கியர் பெட்டிக்கு இடம் வேண்டும் என்று அவசரக் கையால் வெட்டப்படுவதும் அந்தச் சுற்றுவட்டாரம்தான். வெட்டிய இடத்தில் வீட்டுக் கேற்றுக்கு வாங்கி மிஞ்சிய கோண இரும்பை ஒட்டியிருந்தால் அங்கேயே கைகூப்பி விடைபெறுங்கள். அந்தத் தண்டுகளில் எந்த நேரமும் காரின் பாரம் முறுக்கேறி நிற்கிறது. பூட்டிய இடம் கழன்றால் முன்பக்கம் அப்படியே குந்திவிடும்.

ஆகவே பார்க்கப் போகும்போது சாரத்தைக் கட்டிக்கொண்டு போங்கள், படுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு டோர்ச், ஒரு காந்தம், கூர்மழுங்கிய ஸ்குரூ டிரைவர் போதும். புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் இருப்பது இரும்பல்ல, ஓட்டையை மூடப் பூசிய பட்டிப் பசை. ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டினால் நல்ல தகடு மணிபோல ஒலிக்கும், கறள் தின்றது சொத்தையாகக் கேட்கும். நான்கு கதவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து பூட்டுங்கள். ஜாக்கியில் ஒரு பக்கத்தைத் தூக்கியபின் மறுபடி பூட்டுங்கள். தூக்கியதும் கதவு இறுகினால் தரைச்சட்டம் வளைகிறது என்று அர்த்தம்.

"மிச்சம் சில்லறை வேலை" என்ற சொல்லில்தான் எனக்கு அதிகம் பயம். பிறேக் சில்லறை வேலை அல்ல. மைனர் 1000 இரண்டு வகையாக வந்தது. 1956 முதல் 1962 வரை 948 சிசி, 37 குதிரைவலு. நான்கு சில்லிலும் 7 அங்குல ட்ரம் பிறேக். அதன்பின் 1971 வரை 1098 சிசி, 48 குதிரைவலு. முன்சில்லில் 8 அங்குல ட்ரம். உங்களுடையது முதல் வகையாக இருந்தால், 37 குதிரைக்குச் செய்த பிறேக்கின் மேல் அறுபது குதிரையைக் கட்டியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு எல்லாம் ஒரே குழாய்த் தொடர். ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சில்லும் கைவிடும். மிதியை அழுத்தும்போது பிறேக் எண்ணெயைச் சில்லுகளுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தரைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. அதைக் கழற்றப் போனால் டோர்சன் பார் போல்ட்டை மறித்துக்கொண்டு நிற்கும். இந்த ஒரு பாகத்தை மாற்ற ஒரு முழுநாள் கணக்குவையுங்கள். இரவில் மாங்குளம் வீதியில் மாடுகள் படுத்திருப்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முன்னால் டிஸ்க் பிறேக் போடும் செலவைச் சேர்க்காமல் இந்த வண்டிக்கு விலை பேசக்கூடாது என்பது என் பிடிவாதம்.

அடுத்தது பின் அச்சு. மூல அச்சே இருந்தால் உள்ளே போகும் தண்டுகள் கூடிய வலுவில் முறியக்கூடியவை. மெதுவாக ஓட்டுபவருக்குப் பல வருடம் தாங்கும். மகன் ஓட்டப்போகிறான் என்றால் நான் உத்தரவாதம் தரமாட்டேன். கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் தண்டை வெட்டி நீளம் மாற்றியிருப்பார்கள். அதைச் சமநிலை பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்காவிட்டால் முற்றத்தில் ஒன்றும் தெரியாது, 60 கிலோமீற்றர் வேகத்தில் முழு வண்டியும் நடுங்கும்.

வயர் வேலைக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தக் கால மொறிஸ் கார்களில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். யப்பானிய எஞ்சினில் பற்றரிக்கு மின் ஏற்றும் ஒல்டர்னேற்றருக்கு எதிர்முனை இணைய வேண்டும். பாதி பழையபடியும் பாதி புதியபடியும் விட்டிருந்தால் முதல் பலி ஒல்டர்னேற்றர்.

சூட்டைச் சோதிக்க மதியம் பன்னிரண்டு மணிக்குப் போங்கள். விற்பவர்கள் காலையில் வரச்சொல்வார்கள். எஞ்சினை நின்ற நிலையில் அரைமணி நேரம் ஓடவிட்டு, சூடு காட்டும் முள் பொருத்தியிருந்தால் அதைப் பாருங்கள். ஏ14இன் சிலிண்டர் தலை அலுமினியம். ஒருமுறை நன்றாகக் கொதித்தால் நெளிந்துவிடும். நமது கிணற்றுத் தண்ணீர் வன்தண்ணீர். கேத்தலுக்குள் படிகிற அதே வெள்ளைப் படிவு ரேடியேற்றருக்குள்ளும் படியும். ஒயில் மூடியைக் கழற்றும்போது பாற்கஞ்சிபோல எதுவும் ஒட்டியிருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது.

இனிக் கடதாசி. இரும்பை ஒட்டலாம், இதை ஒட்ட முடியாது. புத்தகத்தில் சேசிஸ் எண், எஞ்சின் எண், கொள்ளளவு, எரிபொருள் எல்லாம் பதிவாகியிருக்கும். உங்கள் கடிதத்தில் எஞ்சின் எண் மாற்றப்பட்டதா என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. அப்படியானால் மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்துவதற்கு எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கான பற்றுச்சீட்டு தேவைப்படும், வண்டியையும் பரிசோதிப்பார்கள். பற்றுச்சீட்டு தொலைந்துவிட்டது என்றால் அந்த எஞ்சின் வெறும் இரும்பு. நான் அதற்குச் சதமும் கொடுக்கவேண்டாம் என்றது இதற்காகவும்தான். விபத்து ஒன்று நடந்து காப்புறுதிக்காரர் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தால் இழப்பீட்டை மறுக்க அவருக்கு ஒரு வாசல் திறந்தே இருக்கும். 2022இல் எரிபொருள் பங்கீடு வந்தபோது, பெற்றோல் என்று பதிந்த காருக்குள் டீசல் எஞ்சின் வைத்திருந்த எனக்குத் தெரிந்த ஒருவர் வரிசையில் நின்று பதில் சொல்லத் திணறினார்.

சேசிஸ் எண்ணையும் நீங்களே வாசியுங்கள். எஞ்சின் அறையின் பின்சுவரில் தகடு இருக்கும். 2009இல் போரின் இறுதியில் புதுக்குடியிருப்புக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் சனம் விட்டுவந்த வாகனங்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. ஒன்றின் உடலும் இன்னொன்றின் தகடுமாகச் சேர்ந்த வண்டியை நான் கண்டிருக்கிறேன். தகட்டின் ஆணிகள் புதிதாக மின்னினால் வண்டியை விட்டுவிடுங்கள். லண்டன்காரர் உயிரோடு இருக்கிறாரா, கைமாற்றப் படிவத்தில் அவரே ஒப்பமிடுவாரா என்பதைத் தொலைபேசியில் அவரிடமே கேளுங்கள். திகதியிடாமல் ஒப்பமிட்ட பழைய படிவம் ஒன்றை நீட்டினால் வாங்காதீர்கள்.

நானும் ஒருமுறை ஏமாந்தவன். கிளிநொச்சியில் ஒரு கராஜ்காரர் டீசல் எஞ்சின் இறக்கிய சமர்செற் ஒன்றை வாங்கினேன். ஓட்டிப்பார்த்தபோது ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதிலேயே மனம் நின்றது. முன்வில்லுகள் அந்தப் பாரத்தில் தாழ்ந்திருந்ததைக் கண்டும் காணாமல் விட்டேன். ஆறு மாதத்தில் அதிர்வில் கதவுத் தூண்கள் வெடித்தன. மூன்று வருடம் அது தென்னைமரத்தின் கீழ் நின்றது. பின்னிருக்கையில் கோழி அடைகாத்தது. மனைவிக்கு அந்தக் கார்மேல் இருந்த ஒரே மதிப்பு அந்த முட்டைகள்தான்.

உங்கள் விலைக்கணக்கை இப்படிப் போடுங்கள். அதே ஆண்டு மைனர் ஒன்று எஞ்சினே இல்லாமல், புத்தகத்தோடு நின்றால் என்ன விலைக்குப் போகும் என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். அதிலிருந்து பிறேக், வயர், ரயர், பதிவுச் செலவு நான்கையும் கழியுங்கள். பெட்டிகளில் கிடக்கும் சாமான்களையும் எண்ணுங்கள்: கதவுக் கண்ணாடி உயர்த்தும் பொறிகள், விளக்கு வளையங்கள், முன்கிறில், பம்பர், கைபிடிகள். எஞ்சின் கிடைக்கும், இவை கிடைக்கத் தவம் இருக்க வேண்டும். உடற்தகடுகளுக்கு அவ்வளவு பயம் வேண்டாம். ஒரு காலத்தில் இந்த நாட்டின் தெற்கிலேயே மைனர் தகடுகள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள்.

இறுதியில் வரும் தொகை அவர் கேட்பதில் பாதியாகவும் இருக்கலாம். அதைச் சொல்லும்போது அவர் கோபப்படுவார், எஞ்சின் செலவை மறுபடி சொல்வார். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வேலையை ஏன் இடையில் நிறுத்தினார் என்று மட்டும் கேளுங்கள். காசு முடிந்துவிட்டது, மகள் திருமணம் வந்துவிட்டது என்றால் உங்கள் தொகையையே மறுபடி சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மெக்கானிக் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றால், அந்த மெக்கானிக்கின் வீடு எங்கே என்று விசாரித்து முதலில் அங்கே போங்கள்.