டெர்மினலில் ஓடும் ஹூக், சோர்ஸ்ட்ரீயில் ஏன் நிற்கிறது?

கேள்வி: பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' கருவியில், ஒரு மாற்றம் கமிட் ஆவதற்கு (பதிவாவதற்கு) முன் நிரலைச் சரிபார்க்கும் 'ப்ரீ-கமிட்' ஹூக் (தானாக ஓடும் சிறு ஸ்கிரிப்ட்) ஒன்றை எங்கள் குழுவுக்காக எழுதினேன். மேக் கணினியின் டெர்மினலில் பிசகின்றி ஓடும் அது, கிட்டைப் பொத்தான்கள் வழியே இயக்கும் சோர்ஸ்ட்ரீ செயலியில் கமிட் பொத்தானை அழுத்தினால் மட்டும் 'என்பிஎக்ஸ்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று சொல்லி நின்றுவிடுகிறது. சோர்ஸ்ட்ரீயை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பயனில்லை. சிலர் ஹூக்கைத் தவிர்க்கும் 'பைபாஸ்' வசதியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள். என்ன செய்யலாம்?
— வாசகி, மடிப்பாக்கம், சென்னை

பதில்: மறுபடி நிறுவிய நேரம் வீண்தான், பழுது சோர்ஸ்ட்ரீயில் இல்லை. அந்தப் பிழைச்செய்தி வந்ததே ஹூக் ஓடத் தொடங்கியதற்குச் சான்று. எனவே கோப்பின் பெயர், இயக்க அனுமதி ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டாம்.

டெர்மினலைத் திறக்கும்போது, அதில் கட்டளைகளை ஏற்று இயக்கும் இசட்-ஷெல் தன் அமைப்புக் கோப்பைப் படித்து, கட்டளைகளைத் தேடவேண்டிய அடைவுகளை (ஃபோல்டர்களை) 'பாத்' என்னும் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. டாக்கிலிருந்து திறக்கப்படும் செயலியோ அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. இயங்குதளம் தரும் ஒருசில அடைவுகளை மட்டும் வைத்துக்கொண்டு தேடுகிறது. என்பிஎக்ஸ், ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோடுடன் சேர்ந்து வரும் கட்டளை. நோடின் பதிப்புகளை நிர்வகிக்கும் என்விஎம் வழியாக அதை நிறுவியிருந்தால் அது உங்கள் ஹோம் அடைவுக்குள் இருக்கும். அங்கே சோர்ஸ்ட்ரீ எட்டிப்பார்க்காது. ஐயமிருந்தால், பாத்தின் மதிப்பை ஒரு கோப்பில் எழுதும் வரியை ஹூக்கில் தற்காலிகமாகச் சேர்த்து, இரண்டு இடங்களிலிருந்தும் கமிட் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆகவே தேவையானதை ஹூக்கே தேடிக்கொள்ளும்படி எழுதிவிடுங்கள். ஷெல்லைக் குறிக்கும் முதல் வரிக்கு அடுத்து, என்விஎம்மின் தொடக்க ஸ்கிரிப்டை அழைக்கும் வரியைச் சேர்த்தால் போதும். நோடின் பதிப்பு எண்ணோடு கூடிய முழு முகவரியைப் பாத்தில் எழுதினாலும் அன்றைக்கு ஓடும். பதிப்பை மாற்றிய மறுநாளே பழைய கதைதான்.

திட்டத்தைக் குளோன் செய்பவருக்கு (நகலெடுப்பவருக்கு) ஹூக் அடைவைக் கிட் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை என்பதால், ஹூக்கைத் திட்டத்துக்குள்ளேயே ஓர் அடைவில் வைத்து, 2016இல் வந்த கிட் 2.9 முதல் கிடைக்கும் 'கோர்.ஹூக்ஸ்பாத்' அமைப்பில் அந்த அடைவைக் குறிப்பிடுங்கள். இதை ஒவ்வொருவரும் தம் கணினியில் ஒருமுறை செய்தாக வேண்டும்.

பைபாஸைப் பொறுத்தவரை, உங்கள் நண்பர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வேலையை மறிக்கும் கதவை யாரும் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். டெர்மினலிலும் 'நோ-வெரிஃபை' என்று அதே வழி உண்டு. கட்டாயமாக வேண்டிய சோதனையைச் சர்வரிலும் வைத்துவிடுங்கள்.

திருத்திய பின் டெர்மினலில் சோதித்துத் திருப்தியடைந்துவிடாதீர்கள். சோர்ஸ்ட்ரீயை முழுவதும் மூடி, டாக்கிலிருந்து திறந்து, வேண்டுமென்றே பிழையான ஒரு வரியைக் கமிட் செய்து பாருங்கள். இம்முறை என்பிஎக்ஸ் பற்றிய புலம்பல் இல்லாமல், அந்த வரியைச் சுட்டிக்காட்டி ஹூக் மறுக்க வேண்டும்.