செவ்வாயின் தரை: கேள்வி பதில்

கேள்வி: ஒலிம்பஸ் மான்ஸ் எரிமலை 22 கி.மீ. உயரம் என்கிறார்கள். பூமியில் ஏன் அப்படி ஒன்று வளரவில்லை?

பதில்: ஹவாய்த் தீவுகளைப் பாருங்கள். அடியில் பாறைக்குழம்பு ஊறும் இடம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. மேலே பசிபிக் தட்டு, அதாவது பூமி மேலோட்டின் ஒரு பெரும் துண்டு, ஆண்டுக்குச் சில செ.மீ. நகர்ந்துகொண்டே போகிறது. ஒரு மலை முழுதாக வளர்வதற்குள் ஊற்றைவிட்டு விலகிவிடும், பக்கத்தில் அடுத்தது முளைக்கும். அதனால்தான் அங்கே தீவுகள் வரிசையாக நிற்கின்றன. செவ்வாயில் தட்டு நகர்வு இல்லை. கொட்டிய குழம்பெல்லாம் ஒரே இடத்தில் குவிந்தது. ஈர்ப்பும் நம்முடையதில் 38 சதவீதம்தான். மலை அந்த உயரத்தைத் தாங்கி நிற்க அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் பிரமிப்பாக இருக்குமே?

பதில்: உச்சியே தெரியாது. மலையின் அகலம் சுமார் 600 கி.மீ., சரிவு சராசரியாக 5 பாகை. செவ்வாய் சிறிய கோள் என்பதால், சமதரையில் நிற்கும் ஆளுக்கு மூன்றரை கி.மீ.க்குள் தொடுவானம் வந்துவிடும். மலையின் விளிம்பில் சில இடங்களில் பல கி.மீ. உயரச் செங்குத்துச் சுவர் உண்டு, அதை வேண்டுமானால் அண்ணாந்து பார்க்கலாம். அதன்மேல் ஏறிவிட்டால் லேசாகச் சாய்ந்த பொட்டல்வெளிதான்.

கேள்வி: நாசா வரைபடத்தில் வடபாதி முழுக்க நீலமாக இருக்கிறது. கடலா?

பதில்: இல்லை. அது உயர வரைபடம். மார்ஸ் குளோபல் சர்வேயர் கலம் லேசர் துடிப்புகளைத் தரையில் பட்டுத் திரும்பவைத்து அளந்த உயரங்களுக்கு நிறம் பூசியிருக்கிறார்கள்: நீலம் தாழ்வு, சிவப்பு உயர்வு, வெள்ளை மிக உயர்வு. வடக்குச் சமவெளி தெற்கு மேட்டுநிலத்தைவிடச் சராசரியாக 5 கி.மீ. அளவுக்குத் தாழ்ந்தது. ஆதியில் நடந்த ஒரு மாபெரும் மோதலா, மேலோட்டுக்கு அடியில் உள்ள கவசம் என்ற பாறை அடுக்கில் நடந்த சுழற்சியா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. எனக்கு மோதல் பக்கம் சாய்வு உண்டு.

கேள்வி: வேலஸ் மரினெரிஸ் என்ற மாபெரும் பள்ளத்தாக்கை எந்த ஆறு வெட்டியது?

பதில்: ஆறு வெட்டியதல்ல. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனோடு ஒப்பிட்டுப் படம் போட்டே இந்தக் குழப்பத்தை வளர்த்துவிட்டார்கள். தார்சிஸ் மேடு எரிமலைப் பாரத்தோடு புடைத்தபோது பக்கத்து மேலோடு இழுபட்டுப் பிளந்தது. நடுத்துண்டுகள் கீழே இறங்கின. பிறகு சுவர்கள் சரிந்து சரிந்து அகலமாயிற்று. நீளம் 4,000 கி.மீ.க்கு மேல், ஆழம் சில இடங்களில் 7 கி.மீ.யையும் தாண்டும். கிழக்குக் கோடியில் பெருவெள்ளம் பாய்ந்த கால்வாய்கள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் தொடங்கிவைத்தது விரிசல்.

கேள்வி: பாறையைக் கையில் எடுக்காமலே வயது எப்படிச் சொல்கிறார்கள்? நானே செய்து பார்க்க முடியுமா?

பதில்: முடியும். மழை நேரத்தில் திண்ணையில் விழுந்த துளிகளை எண்ணுவது போலத்தான். எத்தனை நேரமாக வெளியே கிடக்கிறதோ அத்தனை துளி. முதலில் ஒரே மாதிரித் தெரியும் ஒரு நிலத்துண்டை, அதாவது ஒரே குழம்போட்டத்தை, தேர்ந்தெடுங்கள். இரண்டு வகை நிலத்தைக் கலந்தால் கணக்கே பாழ். அதன் பரப்பை அளங்கள். உள்ளே விழுந்த மோதல் பள்ளங்களின் விட்டத்தை ஒவ்வொன்றாகக் குறித்து, ஒவ்வொரு அளவுக்கும் மேலே எத்தனை என்று சதுர கி.மீ. கணக்கில் வரைபடம் போடுங்கள். அதை நிலவுக் கணக்கிலிருந்து செவ்வாய்க்கு மாற்றியமைத்த வளைவோடு பொருத்த வேண்டும். நிலவுக் கணக்குக்கு அடிப்படை, அப்பல்லோ கொண்டுவந்த கற்களின் வயது.

தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில். பெரிய மோதலில் தெறித்த கற்கள் விழுந்து உண்டாக்கிய இரண்டாம்நிலைப் பள்ளங்கள் கொத்தாக, சங்கிலியாக, நீள்வட்டமாக இருக்கும். அவற்றையும் சேர்த்தால் வயது கூடிப்போகும். இன்னொரு பக்கம், மணல் மூடிய சிறு பள்ளங்கள் கண்ணில் படாமல் வயது குறையும். அதனால் மிகச் சிறியவற்றை விட்டுவிட்டு எண்ணுவதே நல்லது.

கேள்வி: படங்களில் பள்ளமெல்லாம் கொப்புளம் போலத் தெரிகிறது, ஏன்?

பதில்: வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் மூளை எடுத்துக்கொள்ளும். சூரியன் எந்தப் பக்கம் என்று படத்தின் தரவில் பாருங்கள். அந்தப் பக்கம் மேலே வரும்படி படத்தைத் திருப்புங்கள். உடனே சரியாகிவிடும்.

கேள்வி: உள்ளேயும் சிவப்புதானா?

பதில்: மேல்தூசிதான் துரு நிறம். 2013 பிப்ரவரியில் கியூரியாசிட்டி ஊர்தி முதல்முறையாகத் துளையிட்டபோது, 1.6 செ.மீ. அகலம், 6.4 செ.மீ. ஆழமுள்ள குழியிலிருந்து வந்த பொடி சாம்பல் நிறம்.

கேள்வி: இன்சைட் கலத்தின் துளைக்கருவி ஏன் தோற்றது?

பதில்: சுமார் 40 செ.மீ. நீளமுள்ள ஆணி அது. உள்ளே சுத்தியல் அடிக்க அடிக்க 5 மீட்டர் வரை இறங்கவேண்டும் என்பது திட்டம். ஒவ்வோர் அடிக்கும் பின்னுதைப்பு உண்டு. சுற்றியுள்ள மணல் சரிந்து ஆணியைப் பிடித்தால்தான் அது கீழே போகும். அங்கே மண் லேசாக ஒட்டிக் கெட்டிப்பட்டிருந்தது. குழி விரிந்ததே தவிர மண் சரியவில்லை. பிடிப்பில்லாமல் ஆணி அங்கேயே துள்ளிக்கொண்டிருந்தது. கலத்தின் இயந்திரக் கையிலிருந்த கரண்டியால் அழுத்தியும் பார்த்தார்கள். 2021 ஜனவரியில் கைவிட்டார்கள்.

கேள்வி: செவ்வாய்க் கல் இந்தியாவில் விழுந்ததா?

பதில்: ஆம். 1865 ஆகஸ்ட் 25, பீகாரின் ஷெர்காட்டி. அந்த வகைக் கற்களுக்கே ‘ஷெர்காட்டைட்’ என்றுதான் பெயர்.

கேள்வி: 6 அங்குலத் தொலைநோக்கியில் இதில் எதுவாவது தெரியுமா?

பதில்: மலையும் பிளவும் தெரியாது. 2027 பிப்ரவரி 19 அன்று செவ்வாய் எதிரமைவுக்கு, அதாவது பூமியிலிருந்து பார்க்கச் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்துக்கு, வருகிறது. வட்டின் அகலம் 14 வில்விநாடிக்குச் சற்றுக் குறைவு (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3,600-ல் ஒரு பங்கு). 150 முதல் 200 மடங்கு உருப்பெருக்கம் போதும். குழாயை அரைமணி நேரம் முன்பே வெளியே வைத்துக் குளிரவிடுங்கள், இல்லாவிட்டால் உருவம் கொதிநீர் போல அலையும். வெள்ளையாக வடதுருவத் தொப்பி தெரியும். சரியான பக்கம் நம்மை நோக்கித் திரும்பியிருந்தால், முக்கோணக் கறையாகச் சிர்ட்டிஸ் மேஜர்: தட்டையான ஒரு பழைய எரிமலையின் கரும்பாறைத் தரை அது. முதல் இரவில் வேறு பக்கம் இருந்தால், சில வாரம் கழித்தோ அதே இரவில் நேரம் தள்ளியோ பாருங்கள். செவ்வாயின் ஒரு சுழற்சி நம் நாளைவிட 37 நிமிடம் அதிகம், அதனால் தினமும் ஒரே நேரத்தில் பார்த்தாலும் தெரியும் பக்கம் மெல்ல மாறும்.