நொறுங்கியது நல்லதுக்குத்தான்

கேள்வி: என் தாத்தா 1972 மாடல் அம்பாசடர் வைத்திருந்தார். ஒருமுறை அது புளியமரத்தில் நேராக மோதியது. பம்பரில் ஒரு நெளிசல், அவ்வளவுதான்! மறுநாளே வண்டி ஓடியது. போன மாதம் என் மகனின் புதுக் கார் முன்னால் நின்ற வேனில் லேசாக இடித்ததற்கே முகப்பு அப்பளமாக நொறுங்கிவிட்டது. பில் 42 ஆயிரம் ரூபாய். இதுதான் முன்னேற்றமா? அம்பாசடர், பத்மினி போன்ற கெட்டியான கார்களை மறுபடி தயாரித்தால் என்ன?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: மகன் எப்படி இருக்கிறார்? பில்லை ரூபாய்க் கணக்கோடு எழுதியிருக்கிறீர்கள், அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒன்றும் ஆகவில்லை, அதனால்தான் எழுதத் தோன்றவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். சரி, புளியமரத்தில் மோதிய அன்று தாத்தாவுக்கு என்ன ஆயிற்று? பம்பரின் நெளிசல் ஐம்பது வருடம் கழித்தும் நினைவிருக்கிறது. தாத்தாவின் நெஞ்சு ஸ்டியரிங்கில் இடித்ததா, நெற்றியில் தையல் போட்டார்களா என்பது குடும்பக் கதையில் இல்லை.

ஓடுகிற வண்டி திடீரென்று நின்றால் அந்த வேகம் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். முகப்பு மடங்கினால் அடியில் பெரும் பங்கை அந்தத் தகரம் வாங்கிக்கொள்ளும். முகப்பு மடங்கவே இல்லை என்றால் உள்ளே இருக்கிறவர் வாங்கிக்கொள்வார். இன்றைய காரில் முன்பக்கம் நொறுங்குவதற்காகவே கணக்குப் போட்டுச் செய்தது. ஆட்கள் உட்காருகிற கூடு மட்டும்தான் கெட்டியாக இருக்க வேண்டும். பழைய கார்களில் ஸ்டியரிங் தண்டு மடங்காத ஒற்றை இரும்புக் கம்பி. முன்னால் இடித்தால் அது ஓட்டுபவரை நோக்கி ஈட்டி மாதிரி வரும்.

நம்பிக்கை வரவில்லையா? 2009-ல் அமெரிக்காவில், காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று, தன் ஐம்பதாவது ஆண்டையொட்டி 1959 மாடல் செவர்லே பெல் ஏர் காரையும் 2009 மாடல் செவர்லே மாலிபு காரையும் எதிரெதிரே விட்டு மோதவைத்தது. இரண்டும் மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர் வேகம். பெல் ஏர் உங்கள் தாத்தா பார்த்தால் சொக்கிப்போகிற வண்டி. குரோமியமும் இறக்கையுமாகக் கப்பல் மாதிரி இருக்கும். மோதியதும் அதில் ஓட்டுநர் உட்காரும் இடமே சுருண்டு உள்ளே வந்துவிட்டது. அங்கே பொம்மைக்குப் பதில் நிஜ ஆள் இருந்திருந்தால் உயிர் பிழைத்திருக்க மாட்டார் என்பது சோதித்தவர்களின் முடிவு. மாலிபுவில் இருந்த பொம்மைக்குக் காலில் சின்னக் காயம் ஆகும் அளவுக்குத்தான் அடி.

அடுத்தது அம்பாசடர். 1950-களில் இங்கிலாந்தில் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற காரைச் செய்யும் அச்சுகளை வாங்கி வந்து, மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் 2014 மே வரை செய்துகொண்டிருந்தார்கள். மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று பெயர் மாறியபோது முன்னால் இருந்த கிரில்தான் முக்கியமாக மாறியது. நிஜமான மாற்றம் என்றால் 1980 வாக்கில் வந்த டீசல் எஞ்சின், அப்புறம் 90-களில் இசுசூ எஞ்சினும் ஐந்து கியரும். நடுவில் எத்தனை வருடம்! பம்பாய் குர்லாவில் செய்த பத்மினியும் அதே கதைதான், ஃபியட் 1100-க்கு இந்தியப் பெயர் வைத்தது. கெட்டி என்பதால் இவை நிலைத்து நிற்கவில்லை. வேறு வண்டி இல்லை, அதனால் நின்றன. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய பொருளை யாராவது குறை சொல்வார்களா? ‘ஹாரனைத் தவிர எல்லாம் சத்தம் போடும்’ என்று சிரித்தபடியே ஓட்டினோம்.

அதற்காக அம்பாசடரில் நல்லதே இல்லை என்று நான் சொல்லவில்லை. வேட்டி மடியாமல் ஏறி இறங்கலாம். பின் சீட்டில் மூன்று பெரியவர்கள், மடியில் பிள்ளைகள், டிக்கியில் அரிசி மூட்டை. குண்டும் குழியுமான சாலையில் அடி தட்டாது. எந்த ஊரிலும் ஒரு ஸ்பானரோடு பழுது பார்க்க ஆள் இருந்தார். உங்கள் தாத்தா வண்டி ‘மறுநாளே ஓடியது’ இதனால்தான்.

நம் பக்கத்து வண்டி ஒன்றை நீங்கள் மறந்துவிட்டீர்கள்: 1961-ல் சென்னையிலிருந்து வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. என் மாமாவிடம் ஒன்று இருந்தது. அதன் பானெட் தனியாகத் திறக்காது. இரண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட்டோடு முன்பக்கம் முழுவதுமே முன்னோக்கிக் கவிழும். மாமா அதைத் தூக்கினால் தெருப் பிள்ளைகள் கூடிவிடுவோம். முன் டயர் மேல் உட்கார்ந்து மெக்கானிக் வேலை பார்ப்பார். அந்தக் கம்பெனியே 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்றை இறக்கியது. வெளியே பிரிட்டிஷ் ரோவர் காரின் உடம்பு, உள்ளே பல வருடப் பழசான எஞ்சின். சில வருடங்களில் கதை முடிந்தது.

ஏனென்றால் அதற்குள் மாருதி வந்துவிட்டது. 1983 டிசம்பரில் மாருதி 800-ன் விலை 47,500 ரூபாய். 796 சி.சி., மூன்று சிலிண்டர், இழுப்பது முன் சக்கரங்கள். சோப்பு டப்பா என்று கேலி செய்தவர்களே பிறகு அதை வாங்கினார்கள், காலையில் ஒரே சாவியில் கிளம்பியது என்பதற்காக. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. கேலி அதன் உயரத்துக்கு மாறியது, வாங்குவது மட்டும் நிற்கவில்லை.

ஆனால் புதிது என்றாலே பத்திரம் என்றும் நினைக்காதீர்கள். கார்களை மோதவிட்டுப் பார்த்து, பாதுகாப்புக்கு ஐந்து வரை ஸ்டார் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு, 2014-ல் இங்கே விற்ற ஐந்து கார்களின் ஏர்பேக் இல்லாத மாடல்களை மோதவிட்டது. ஐந்துக்கும் பூஜ்யம் ஸ்டார். ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். நாமும் கேட்கவில்லையே! சமீபத்தில் உறவுக்காரப் பையனோடு ஒரு ஷோரூமுக்குப் போனேன். சன்ரூஃபைத் திறந்து மூடிக் காட்ட விற்பனையாளருக்கு இருபது நிமிடம் இருந்தது. ‘இந்த ஸ்டார் எந்த வேரியன்ட்டைச் சோதித்துக் கொடுத்தது?’ என்று கேட்டேன். மேனேஜரைக் கேட்டு வருகிறேன் என்று உள்ளே போனவர் காப்பியோடு திரும்பினார். பதில் வரவில்லை.

பில்லைப் பற்றிய உங்கள் கோபம் மட்டும் நியாயம். அன்று கண்ணாடி உடைந்தால் கண்ணாடி, பல்பு போனால் பல்பு. இன்று ஹெட்லைட்டைப் பிடித்திருக்கும் ஒரு காது முறிந்தாலும் பல கார்களில் முழு விளக்கையே மாற்றச் சொல்கிறார்கள். பம்பரோடு சென்சாரும் போகிறது. தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ‘பம்பர் டு பம்பர்’ காப்பீடு எடுத்திருந்தால் பெரும்பகுதி திரும்ப வரும். இல்லையென்றால் அடுத்த புதுப்பிப்பில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. நொறுங்கிய முகப்பைப் பார்த்துவிட்டு யாராவது, ‘சார், முன்னால ஒரு இரும்பு கார்டு போட்டுடலாம்’ என்று வருவார்கள். உங்களுக்கும் அது பிடிக்கும். வேண்டாம். மடங்க வேண்டிய இடத்தை அது மடங்க விடாது, ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தையும் குழப்பும். மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017-லேயே அதைக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஏற்கெனவே மாட்டியிருந்தால் கழற்றச் சொல்லுங்கள்.