வாடிக்கையாளர் பார்வைப் பிரதியை விரைந்து எடுப்பது: தொகுப்பாளர்களுக்கான கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. இரண்டு மணி நேரத் திருமணப் படம், 4கே டைம்லைன், டாவின்சி ரிசால்வ் தொகுப்பு மென்பொருள். வீட்டார் பார்த்துத் திருத்தம் சொல்வதற்கான எச்.264 (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) பிரதி எடுக்கவே இரவு முழுவதும் ஆகிறது. பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு இத்தனை பிட் என்ற அளவைக் குறைத்தும் பயனில்லை.

பதில்: வணக்கம். பிட்ரேட்டைக் குறைத்தால் கோப்பின் அளவு குறையும். நேரம் பெரிதாகக் குறையாது. எக்ஸ்போர்ட் என்ற ஒரே பெயரில் மூன்று வேலைகள் நடக்கின்றன: கேமரா கோப்பை விரித்துப் படிப்பது, நிறத்திருத்தத்தையும் எஃபெக்டுகளையும் கணக்கிடுவது, முடிவைச் சுருக்கி எழுதுவது. பெரும்பாலோர் மூன்றாவதையே குற்றம் சொல்கிறார்கள். தாமதமோ பெரும்பாலும் இரண்டாவதில் இருக்கிறது. மண்டபத்து விளக்கொளியில் எடுத்த காட்சிகளுக்கு நீங்கள் படத்தின் புள்ளிக்குறுணலை நீக்கும் டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டிருந்தால், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அக்கம்பக்கத்து ஃபிரேம்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருக்கும். ஒரு நிமிடப் பகுதியை எடுத்து, அந்த எஃபெக்டை அணைத்து ஒருமுறையும் அணைக்காமல் ஒருமுறையும் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். எங்கே நேரம் போகிறது என்பது விளங்கிவிடும்.

அதன்பின் இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், பார்வைப் பிரதிக்கு மட்டும் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்து, டைம்லைனையும் வெளியீட்டையும் 1920×1080 ஆக்கலாம். 4கே ஃபிரேமில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். இதில் அதன் கால்பங்குதான். மற்றொரு வழி, கணக்கிட்ட ஃபிரேம்களைச் சேமித்து வைக்கும் ரெண்டர் கேஷை இயக்கிவிட்டு, எக்ஸ்போர்ட் செய்யும்போது கேஷ் செய்த படங்களைப் பயன்படுத்தும் தெரிவைத் தேர்வது. வீட்டார் நான்கு இடங்களில் திருத்தம் சொன்னால் அந்த நான்கு இடங்களை மட்டும் மறுபடி கணக்கிட்டால் போதும் என்பதால், பலமுறை பிரதி அனுப்பும் வேலைக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். ஆனால் இரண்டு வழிகளையும் கலக்காதீர்கள். டைம்லைன் அளவை மாற்றினால் சேர்த்து வைத்த கேஷ் அத்தனையும் வீணாகும்.

எந்த வழியானாலும் பிரதியின் மேல் டைம்கோடும் (ஓடும் நேரக் குறிப்பும்) வாட்டர்மார்க்கும் இருக்கட்டும்.

கேள்வி: எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

பதில்: மேலே சொன்ன சோதனையைச் செய்யாமல் எதையும் வாங்க வேண்டாம்.

கேள்வி: ஹார்டுவேர் என்கோடிங்கை, அதாவது கிராபிக்ஸ் சிப்பே சுருக்குவதை யாராவது பரிந்துரைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எக்ஸ்264 என்ற மென்பொருள் என்கோடரில் மெதுவான பிரிசெட் (முன்கூட்டியே அமைத்த தெரிவு) தரும் தரத்தை என்விடியா கார்டுகளின் என்வென்க் ஒருநாளும் தராது.

பதில்: குறைந்த பிட்ரேட்டில், ஒரே அளவுக் கோப்பை வைத்து ஒப்பிட்டால் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. மெதுவான பிரிசெட் அசைவை அதிக நேரம் தேடிப் பார்த்து, அதே பிட்டுகளில் கூடுதல் விவரத்தை அடக்குகிறது. ஆனால் பார்வைப் பிரதிக்கு பிட்டுகளைச் சற்றே கூட்டித் தர நமக்கு என்ன தடை? நொடிக்கு 6 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 45 மெகாபைட், இரண்டு மணி நேரத்துக்கு 5.4 கிகாபைட். 8 ஆக உயர்த்தினால் 7.2 கிகாபைட். அந்த வேறுபாட்டைக் கொடுத்துப் பல மணி நேரத்தை மீட்பது தொழிலுக்கு நல்லது.

கேள்வி (அவரே): பதிவேற்றும் நேரம் கூடுமே? கிராமத்து இணைப்பில் 7 கிகாபைட் எப்படிப் போகும்?

பதில்: நியாயமான கேள்வி, என் கணக்கில் அதைச் சேர்த்திருக்க வேண்டும். பதிவேற்ற வேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்றால் 7.2 கிகாபைட்டுக்கு ஏறக்குறைய 96 நிமிடம், 5.4-க்கு 72 நிமிடம். சுருக்குவதில் மிச்சமாகும் நேரம் இந்த 24 நிமிடத்தைவிட அதிகமானால் ஹார்டுவேர். இல்லையேல் எக்ஸ்264-இல் ‘வெரிஃபாஸ்ட்’ பிரிசெட் நல்ல நடுவழி. மெதுவான பிரிசெட்டை இறுதிப் பிரதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். டூ-பாஸும் அப்படியே: படத்தை இருமுறை சுருக்கும் அந்த முறைக்குப் பார்வைப் பிரதியில் இடமில்லை.

கேள்வி: என் கேமரா 10-பிட் 4:2:2 (நிற விவரத்தைக் கூடுதலாக வைக்கும் முறை) எச்.265 கோப்புகளை எழுதுகிறது. எஃபெக்டே இல்லாத டைம்லைன்கூட மெதுவாகத்தான் வெளிவருகிறது.

பதில்: உங்கள் தடங்கல் முதல் வேலையில், அதாவது படிப்பதில் இருக்கக்கூடும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகள் 4:2:2-ஐ ஹார்டுவேரில் விரிப்பதில்லை. இன்டெலின் 11-ஆம் தலைமுறையில் தொடங்கிய உள்ளமை கிராபிக்ஸ் விரிக்கும். அது உங்களிடம் இருந்தால் அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 1080 பிராக்ஸி (மூலக் கோப்புக்குப் பதில் பயன்படும் இலேசான நகல்) செய்து, பார்வைப் பிரதியை பிராக்ஸியிலிருந்தே எடுங்கள். இறுதி எக்ஸ்போர்ட்டுக்கு முன் பிராக்ஸித் தெரிவை நீக்க மறவாதீர்கள்.

கேள்வி: மடிக்கணினிக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு நல்லது?

பதில்: இரண்டாவது கேள்விக்குச் சொன்னதுதான்.

கேள்வி: கோப்பு முழுவதும் இறங்கிய பிறகுதான் படம் ஓடுகிறது என்று வாடிக்கையாளர் குறைப்படுகிறார்.

பதில்: எம்பி4 கோப்பில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை கடைசியில் எழுதப்பட்டிருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவியில் ‘ஃபாஸ்ட்ஸ்டார்ட்’ தெரிவைக் கொடுத்து, மறுபடி சுருக்காமல் நகல் மட்டும் எடுத்தால் அட்டவணை முன்னால் வந்துவிடும்.

கேள்வி: வாட்டர்மார்க் இல்லாத பார்வைப் பிரதியையே பென்டிரைவில் இறுதியாகக் கொடுக்கலாமா? அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

பதில்: கூடாது. நாய்ஸ் ரிடக்‌ஷன் அணைத்த, அவசரத்தில் சுருக்கிய பிரதி அது. பெரிய டிவியில் முகூர்த்தக் காட்சியை அவர்கள் பல ஆண்டுகள் பார்ப்பார்கள். இருண்ட பின்னணி கட்டம் கட்டமாக உடைவது அப்போது தெரியும். ஒவ்வொரு பார்வைப் பிரதியிலும் வாட்டர்மார்க் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.